விலக்குப் பட்டியலில் இரண்டு விரல்கள்

ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டு விதி தெளிவானது. அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சைக்குத்தான் விலக்கு. நோய்க்குச் செய்வதற்கு இல்லை. முன் அனுமதி கேட்டால் காலதாமதமின்றிப் பதில் தர வேண்டும். 'காலதாமதமின்றி' என்பதன் பொருள் எனக்குத் தெரியும். கருவூலத்தில் இருந்தபோது நானும் அதை நிறைய எழுதியிருக்கிறேன்.

என் மனைவி சங்கரன்கோவிலில் எங்கள் சபைக்கு ஆர்கன் வாசிப்பவள். ஒரு செப்டம்பரில், ஆர்கன் கட்டையில் கை வைத்தாலே வலக்கையின் கடைசி இரண்டு விரல்களும் உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டன. அதே கை முருங்கைக்கீரை உருவும், ஊசியில் நூல் கோக்கும். அதனால் இதை நோயென்று யாரும் நம்பவில்லை. மதுரையில் நரம்பியல் மருத்துவர் நம்பினார். வாசிக்கும்போது மட்டும் மூளை விரலுக்குத் தவறான கட்டளை அனுப்புகிறது என்றார். முன்கைத் தசையில் போட்டுலினம் ஊசி போட்டார். இரண்டு வாரத்தில் விரல்கள் நிமிர்ந்தன. சபையில் அதிசய சுகம் என்று ஸ்தோத்திரம் செலுத்தினார்கள். மூன்று மாதத்தில் மருந்தின் வேகம் குறையும், மறுபடி போட வேண்டும் என்று நான் சொன்னதை அவிசுவாசம் என்றார்கள்.

குறைந்தது. முதல் ஊசியைக் கைக்காசில் போட்டிருந்தோம், அடுத்ததற்கு வழியில்லை. ஈஸ்டருக்குள் போட்டுவிட வேண்டும் என்பது அவள் ஆசை. காப்பீட்டில் முன் அனுமதிக்கு விண்ணப்பித்தேன். முகச்சுருக்கத்துக்குப் போடும் மருந்துதானே அது என்று தொலைபேசியில் கேட்டார்கள். சுருக்கத்தைப் பற்றி என் மனைவி இதுவரை புகார் சொன்னதில்லை என்றேன். அதையும் எழுத்தில் தரச் சொன்னார்கள். தந்தேன்.

பதில் வராமலே, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் கழிந்தன. சபைச் செயலாளர் வீட்டுக்கே வந்தார்.

"அண்ணாச்சி, கர்த்தர் சுகம் குடுத்தும் மறுபடி மடங்குதுன்னா, அக்காவ ரெஸ்ட் எடுக்கச் சொல்லுதாருன்னு அர்த்தம்லா."

"கர்த்தர் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே" என்றாள் அவள்.

ஈஸ்டர் விடியற்கால ஆராதனைக்குப் பென் டிரைவில் இசை போட்டார்கள். ஒவ்வொரு அடி முடிவிலும் வயதான பெண்கள் மூச்சு வாங்க அவள் சற்று நிறுத்துவாள். பென் டிரைவ் நிறுத்தவில்லை. இரண்டாம் சரணத்தில் அவர்கள் பின்தங்கினார்கள். அவள் பாடுவதையே விட்டுவிட்டாள். முடிவில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தி நன்றி சொன்னார்கள். ஆர்கன் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வீட்டில் பொன்னாடையை மடித்தபடி, "இனிமே அந்த ஊசி எதுக்குங்க?" என்றாள்.

அனுமதிக் கடிதம் மறுநாள், திங்கட்கிழமை வந்தது.