தங்கத்துக்கு மசியாத பல்

போன வாரம் அண்ணன் மகளை அடையாறில் ஒரு பல் டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். வயது பத்து. பல்லில் மாட்டும் கிளிப்புக்கு ரப்பர் என்ன கலரில் வேண்டும் என்று கேட்டார்கள். "பிங்க்கும் பர்ப்பிளும் மாத்தி மாத்திப் போடுங்க ஆன்ட்டி" என்றாள். போட்டு முடிந்ததும் செல்ஃபி வேறு!

எனக்குப் பொறாமையாக இருந்தது. தொண்ணூறுகளில், அவள் வயதில், நான் வாயே திறக்க மாட்டேன்.

ஏன்? மேல்வரிசையில், நட்டநடுவே ஒரு பல் முளைக்கவில்லை. பால் பல் விழுந்து, வகுப்பில் எல்லாருக்கும் புதுப்பல் வந்தாயிற்று. எனக்கு மட்டும் ஓட்டை. சிரிப்பு வந்தால் கையால் பொத்திக்கொள்வேன். "ப்ரெசென்ட் மிஸ்" சொல்லக்கூடக் கையைத் தூக்குவதோடு சரி.

அப்பாவுக்குத் தி.நகரில் சின்ன நகைக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். வாயாடி மகள் இப்படி ஊமையாகிப்போனதில் ஆடிப்போய்விட்டார். மயிலாப்பூரில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். "பல் இருக்கு சார். ஈறுக்குள்ளயே மாட்டிண்டிருக்கு. ஈறை லேசாத் திறந்து, பல்லுல ஒரு கொக்கி ஒட்டி, எவர்சில்வர் கம்பியால கொஞ்சம் கொஞ்சமாக் கீழே இழுத்துடலாம்."

அப்பா காதில் விழுந்தது ஒரே சொல்தான்.

"எவர்சில்வரா? எதுத்த பாத்திரக்கடைச் சரக்கையா எம் மவ வாயில வைக்கப் போறீங்க?"

அடுத்த முறை போனபோது, ஆசாரியிடம் சொல்லி நூல் மாதிரி ஒரு தங்கச் சங்கிலி செய்துகொண்டு வந்துவிட்டார். வெல்வெட் பெட்டியில் வைத்து டாக்டரிடம் நீட்டினார்!

"சார், நீங்க நகைக்கடைக்காரர். இருபத்திரண்டு காரட் எவ்வளவு மெத்துன்னு நான் சொல்லணுமா? இழுத்தா பல்லு வராது. சங்கிலிதான் நீளும்."

அப்பாவுக்குத் தெரியாதா என்ன? மகள் என்று வந்துவிட்டால் தொழில்கூட மறந்துபோகும் போல…

எவர்சில்வரே ஜெயித்தது. ஊசி வலித்தது. கம்பி குத்தியது. மாதாமாதம் இறுக்குவார்கள், அன்றைக்கெல்லாம் குழைந்த ரசம் சாதம்தான். கடையை ஆளிடம் விட்டுவிட்டு அப்பாதான் ஸ்கூட்டரில் கூட்டிப் போவார். இப்போது அவர் இல்லை. மயிலாப்பூர் லஸ் சிக்னலில் நிற்கும்போது, ஸ்கூட்டரில் எனக்கு முன்னால் இருந்த அந்த முதுகு நினைவுக்கு வரும்.

பள்ளி விட்டதும் நேராகக் கடைக்குப் போவேன். வைரம் பார்க்கும் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு "ஆ காட்டு தாயி" என்பார். பார்ப்பார். லென்ஸை மடக்கிவிடுவார். வராமலே போய்விடுமோ என்று இரண்டு பேருக்கும் பயம். இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை.

ஒருநாள் ஒரு கல்யாணக் கோஷ்டி அட்டிகை பார்த்துக்கொண்டிருந்தது. வழக்கம்போல நான் ஆ காட்டினேன்.

"வந்துட்டு! வந்துட்டு தாயி!"

அப்பா போட்ட சத்தத்தில் கல்யாணப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள். ஈறைக் கீறிக்கொண்டு, அரிசி முனை அளவுக்கு வெள்ளையாக என் பல்! அப்பா விடுவாரா? அட்டிகையை ஓரமாகத் தள்ளிவிட்டு லென்ஸை அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"அதை அப்புறம் பாக்கலாம்மா. முதல்ல இதைப் பாருங்க!"

அவள் பார்த்தாள். அவள் அம்மா பார்த்தார். அத்தை பார்த்தார். கடை நடுவே வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வெட்கமா? போயே போச்சு. சிரிப்புதான் பொத்துக்கொண்டு வந்தது.

அன்று திறந்த வாய். இன்றுவரை மூடவில்லை — வாராவாரம் இந்தப் பத்தியில் மாட்டிக்கொள்வது நீங்கள்!