ஆறேகால் சதம்

தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. நாம்தான் அதைத் தேடிப் போகவேண்டும். கடலுக்கு இங்கே ஆழம் போதாது. ஆகவே கொழும்புக் கப்பல் எங்கோ தொலைவில் நங்கூரம் போட்டுப் பெரிய மனிதர் போல நின்றுகொண்டிருக்கும். யுத்தம் முடிந்த மறுவருஷம், வற்றல் மிளகாய் வியாபார விஷயமாக நான் முதன்முதலாகக் கொழும்புக்குப் புறப்பட்டபோது, மாலை மூன்று மணிக்கே துறைமுகத்துக்குப் போய் மோட்டார் படகுக்குக் காத்திருந்தேன். வெயில் உப்பளத்தில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது.

படகு ஓட்டியவர் வடக்கே கையைக் காட்டி, "அங்கனதான் அண்ணாச்சி, முத்துப் பாறு, சிப்பி கெடக்க கடலடிப் பாறை. சிப்பி விளைஞ்சாத்தான் முத்துக் குளிப்பாவ. இப்ப சும்மா கெடக்கு" என்றார். என் மாமனார் ஊர் கொற்கைக்குப் பக்கம். அந்தக் காலத்தில் யவனர்கள் கப்பலில் பொன் கொண்டுவந்து கொற்கையில் முத்து வாங்கினார்களாம். இப்போது அங்கே நெல்தான் விளைகிறது. பொன்னுக்கும் முத்துக்கும் அன்றைக்கு யார் கணக்குப் பார்த்துச் சில்லறை மாற்றினார்களோ, அவர்கள் என்ன தரகு பிடித்தார்களோ தெரியவில்லை. எனக்கு அன்று அந்த நினைவுதான் ஓடிற்று. காரணம், இலங்கையில் நம் அணா செல்லாது என்று கடையில் எல்லோரும் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள்.

கப்பலின் மேல்தட்டில் டெக் பிரயாணிகளுக்கு நடுவே ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். டீயோடு காசும் மாற்றிக் கொடுப்பார். நம் ரூபாயும் இலங்கை ரூபாயும் ஒரே மதிப்பு, அதில் வம்பில்லை. நம் ரூபாய்க்குப் பதினாறு அணா, அவர்கள் ரூபாய்க்கு நூறு சதம். அங்கேதான் வம்பு. எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பதினாறு அணாவையும் ஒவ்வொன்றாகப் பலகையில் வைத்தாள். கழுத்தில் ஜெபமாலை, காலில் செருப்பில்லை, நாற்பது வயதிருக்கும். டீக்கடைக்காரர் அணாவுக்கு ஆறு சதம் என்று எண்ணத் தொடங்கினார்.

எனக்கு வந்ததே கோபம்! "என்னய்யா அநியாயம்? நூறைப் பதினாறால் வகுத்தா ஆறேகால். நீரு ஆறு கொடுக்கீரு. அந்தக் கால் எங்கய்யா போச்சு?"

"கால் சதம்னு ஒரு காசு எங்கிட்ட இல்ல அண்ணாச்சி. நான் எங்கன போவேன்?"

"அதுக்காகக் காலை முழுங்கிருவீரா? பதினாறு காலு! பாவம், அந்தப் பொம்பளைக்குக் கால் போவுதே, ஒமக்கு மனசாட்சி இல்ல?"

நான் இன்னும் நாலு தடவை 'கால் போச்சு, கால் போச்சு' என்று கத்தியிருப்பேன். அதற்குள் அந்தப் பெண் பொட்டென்று தரையில் உட்கார்ந்து, "சேசுவே, ஆண்டவரே" என்று வாய்விட்டு அழுதாள். நாலு சதத்துக்காக யாரும் அப்படி அழமாட்டார்கள்.

"ஏம்மா, என்னம்மா ஆச்சு?"

"எங்க வீட்டுக்காரருக்கும் கால்தான் அண்ணாச்சி போவப் போவுது" என்றாள்.

அவள் பெயர் சூசையம்மாள். கணவர் அந்தோணி, கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் தண்டல், அதாவது தலைவர். கொழும்பில் மூட்டை இறக்கும்போது கப்பிக் கயிறு அறுந்து மூட்டை காலில் விழுந்து, பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார். புண் அழுகிவிட்டது. நாளை மறுநாள் காலையில் முழங்காலுக்கு மேலே எடுக்கப்போகிறார்கள் என்று தந்தி வந்திருக்கிறது. நாளை மதியம் பார்வையாளர் நேரம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டால், அவரை இரண்டு காலோடு ஒரு தடவை பார்த்துவிடலாம். அதுதான் அவள் வேண்டுதல்.

"எடுக்கதுக்கு முந்தி நான் பக்கத்துல இருக்கணும் அண்ணாச்சி. மயக்க மருந்து குடுத்து எந்திரிக்காம போயிட்டாவன்னா?" என்றாள்.

என் வாயை நானே நொந்துகொண்டேன். என்னிடம் இருந்த ஒரே ஒற்றை ரூபாய் நோட்டை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, அவளுடைய பதினாறு அணாவை என் பையில் போட்டுக்கொண்டேன். ரூபாய்க்கு ரூபாய் மாற்றினால் நூறு சதமும் முழுசாக வருமே! டீக்கடைக்காரர் மூஞ்சியைச் சுளித்தபடி மாற்றினார். "சில்லறையாக் குடும் அண்ணாச்சி. பெருசா நீட்டுனா மிச்சம் தரமாட்டானுவ" என்று அவள் கேட்டதால், கட்டு கட்டாகக் காகிதச் சில்லறை கொடுத்தார். யுத்தத்தில் செப்புக்குப் பஞ்சம் வந்ததால் இலங்கையில் சதத்தையே காகிதத்தில் அடித்துவிட்டார்களாம். அதைப் பார்க்குமுன் எனக்கு மயக்கம் கிறுகிறுவென்று வந்துவிட்டது. கப்பல் ஆடத் தொடங்கியிருந்தது. பாயை விரித்துப் படுத்தவன் விடியும்வரை எழவில்லை.

காலையில் கொழும்பு தெரிந்தது. டாக்டர் சோதனை, சுங்கச் சோதனை என்று ஒவ்வொன்றாக முடித்து நாங்கள் கரையில் கால் வைக்கும்போது மணி பன்னிரண்டு. ஒரு மணிக்கு ஆஸ்பத்திரிக் கதவு மூடிவிடும் என்றார்கள். என் மண்டிக்காரர் கடையும் அதே டிராம் பாதையில்தான். "வாம்மா, உன்னைச் சேர்த்துவிட்டுப் போறேன்" என்று டிராமில் ஏறினோம். ஆளுக்கு ஐந்து சதம். என்னிடம் துறைமுகத்தில் மாற்றிய இலங்கைப் பத்து ரூபாய் நோட்டுகள்தான்; கண்டக்டர் மிச்சமில்லை என்று கையை விரித்தான். பதினாறு அணாவை நீட்டினேன். "இது இந்தியாக் காசுதானே ஐயா" என்று சிரித்தான். சரி, சூசையம்மாளிடம்தான் சில்லறை இருக்கிறதே!

அவள் பெருமையோடு முதல் நோட்டை நீட்டினாள். கண்டக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான். பிறகு வண்டிக்கே கேட்கிற மாதிரிச் சிங்களத்தில் ஏதோ சொல்ல, டிராமே சிரித்தது.

"அம்மா, இது ஆறு சத நோட்டு. அரசாங்கம் இன்னும் அடிக்கயில்லை!" என்றான் தமிழில்.

அவன் சொல்லித் தெரிந்த விஷயம் இதுதான். இலங்கையின் ஐந்து சத நோட்டுக்கு நடுவே தபால்தலையில் இருப்பதுபோல ஊசித்துளை வரிசை உண்டு. அதில் கிழித்தால் ஒரு பாதி மூன்று சதம், மறு பாதி இரண்டு சதம். கிழித்துச் செலவழிப்பதற்காகவே அடித்தது. டீக்கடைக்காரர் அத்தனையும் கிழித்த பாதிகளாகவே கொடுத்திருக்கிறார். நம் ஊரில் கிழிந்த நோட்டை எவன் வாங்குவான்? என்னைப் போன்ற கடைக்காரனே வாங்கமாட்டான். ஏமாந்துவிட்டோமே என்று பதறிய சூசையம்மாள், கட்டுச்சோற்றுப் பருக்கையை மசித்து, நான் மயங்கிக் கிடந்தபோது, எல்லாவற்றையும் உட்கார்ந்து ஒட்டியிருக்கிறாள். கைக்கு வந்த பாதியைக் கைக்கு வந்த பாதியோடு. மூன்றோடு மூன்று, இரண்டோடு இரண்டு. ஒட்டுவதற்கு ஆள் தேவையென்றால் தபாலாபீசில் வேலை கொடுக்கலாம், அவ்வளவு நேர்த்தி.

"கள்ள நோட்டென்று சொல்லுவினம், இறங்குங்கோ" என்று கண்டக்டர் மணியடித்தான். நடுரோட்டில் நின்றோம். டிராம் போயே போய்விட்டது.

"கிழிஞ்சது செல்லும், ஒட்டுனது செல்லாதா? இது என்ன ஊரு அண்ணாச்சி!" என்று சூசையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தெருக்குழாய் ஒன்று கண்ணில் பட்டது. நோட்டுகளை அதன் கீழே நனைத்தோம். பருக்கை ஊற ஊற, நகத்தால் பாதி பாதியாகப் பிரித்தோம். அவள் பிரித்தாள், நான் என் வேட்டித் தலைப்பில் ஒற்றி ஒற்றிக் கொடுத்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு சிங்களக் கிழவர் தன் குடையை எங்கள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டார். ஏனென்று கேட்க எனக்குப் பாஷை தெரியவில்லை. அவருக்கு இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த டிராமில் ஈர நோட்டுகள் செல்லுபடியாயின. ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடியபோது மணி அடித்துவிட்டது. காவலாள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். சூசையம்மாள் அவனிடம் கெஞ்சவில்லை, நேரே உள்ளே வெள்ளை அங்கியோடு போய்க்கொண்டிருந்த கன்னியாஸ்திரியைப் பார்த்து, "மதர்! தூத்துக்குடியில இருந்து வாரேன்! நாளைக்கு அவருக்குக் கால் எடுக்காவ!" என்று கம்பி வழியே கூவினாள். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியுமோ தெரியாதோ. சூசையம்மாள் முகத்தைப் பார்த்தார், ஜெபமாலையைப் பார்த்தார், கதவைத் திறக்கச் சொன்னார்.

நான் வார்டு வாசலோடு நின்றுவிட்டேன். கட்டிலில் கிடந்தவர் தலையைத் தூக்கி, "ஏளா, நீ எப்படி வந்த?" என்றார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் போர்வைக்கு மேலாக அந்தக் காலைத் தடவினாள். அப்புறம்தான் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். எனக்கு அதற்குமேல் நிற்கமுடியவில்லை, வந்துவிட்டேன்.

கொழும்பைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. எதிலும் மனம் செல்லவில்லை. என் மிளகாய் வியாபாரம் சுமாராக முடிந்தது. ஒரு வாரம் கழித்துக் கப்பலேறத் துறைக்கு வந்தபோது சூசையம்மாள் கப்பல் நாளை விசாரித்து வந்து எனக்காகக் காத்து நின்றாள். அவரைப் பற்றிக் கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"எடுத்துட்டாவ அண்ணாச்சி" என்று அவளே சொன்னாள். "முழங்காலுக்கு மேல. ஒரு நாள் முழுக்கக் கண்ணு தொறக்கல. அப்புறம் தொறந்து, கஞ்சி கேட்டாவ."

நான் கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன்.

"கப்பல்ல காலு காலுன்னு சண்டை போட்டியளே! கால் போனாப் போட்டும் அண்ணாச்சி. மிச்சம் ஆறும் இருக்குல்லா" என்றாள். சிரித்தாள். கண் நிறைந்திருந்தது.

தூத்துக்குடி நோக்கிக் கப்பல் கிளம்பியது. மேல்தட்டில் அதே டீக்கடைக்காரர். கையில் மீந்த சதங்களை அணாவாக்கக் கொடுத்தேன். "ஏழு சதத்துக்கு ஒரு அணாதான்" என்று சொல்லிவிட்டு, நான் கத்துவேனென்று தயாராக நின்றார். நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அவருக்கே பொறுக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, இந்தத் தடவை முக்காலே போவுது, சண்டை போடலியா?"

"போனாப் போட்டும்யா" என்றேன். "ஆறு இருக்குல்லா."