நாற்காலி நுழையாத அறை

வீடு வாங்கப் போகிறவர்கள் சுவரைத் தட்டுவார்கள், குழாயைத் திறந்து பார்ப்பார்கள். அக்கா ஆளில்லாத சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு போனாள்.

பிறர் வீடுகளில் படுக்கையாகக் கிடந்தவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் தொழில். அதிலிருந்து ஓய்ந்து உட்காரலாம் என்று நினைத்த நேரத்தில், பஸ் ஓட்டுநரான தம்பிக்கு விபத்தில் முதுகெலும்பு போயிற்று. கைகள் இரும்பு, கால்களில்தான் உயிரில்லை. வாடகை வீட்டில் கழிப்பறைக்குப் படி இறங்க வேண்டும். படியை உடைக்க வீட்டுக்காரர் விடவில்லை. ஒவ்வொரு முறையும் அக்கா தாங்கி இறக்கினாள். "எனக்குப் பாதித் தலை நரைச்சாச்சு, இன்னும் கைக்குழந்தை" என்று சிரித்துக்கொண்டிருந்தவன், பிறகு தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டான். அதைக் கவனித்த அன்றே அவள் வீடு தேடக் கிளம்பிவிட்டாள்.

அவள் கைக்கு எட்டிய விலையில் இருந்தது இந்த ஒரு வீடுதான்.

"இருக்கிறது இருக்கிறபடிதாம்மா" என்றார் விற்பவர். "நாளைக்கு ஒழுகுது, விரிசல் விட்டுதுன்னு என் வாசலுக்கு வரக்கூடாது. பத்திரத்துலயும் அப்படித்தான் எழுதுவேன்."

"நோயாளிய ஒப்படைக்கும்போதும் யாரும் கியாரண்டி தர்றதில்லைங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நாற்காலிய திருப்பணும்."

கழிப்பறை வாசலில் இருபுறமும் விரல் நுழைய இடமிருந்தது. உள்ளே நாற்காலி முழு வட்டம் அடித்தது. பின்பக்கம் ஒரு சிறிய அறை. அதன் வாசலில் சக்கரம் முட்டியது. அவனுக்கு அது எதற்கு என்று திரும்பி வந்துவிட்டாள். பத்திரம் முடிந்தது.

குடிவந்த அன்று தம்பி தானாகவே கழிப்பறைக்குப் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டான். அக்கா கதவருகே நின்றாள்.

"காவலுக்கு நிக்காத. போய் வேலையப் பாரு!"

தன் பெட்டியோடு அக்கா பின்னறையைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மேலே கட்டுப் போட்டு உள்ளே சீழ் வைத்த புண் மாதிரி, புதுச் சுண்ணாம்புக்குக் கீழே சுவர் முழுக்க ஈரம். தொட்டதும் பூச்சு கையோடு வந்தது.

தம்பி வாசலில் முட்டி நின்று எட்டிப் பார்த்தான். "இந்த ரூமைப் பாக்கவே இல்லையா நீ?"

"நாற்காலி போகலடா."

"நாற்காலி போகலன்னா நீ போக மாட்டியா? நீ எங்க படுக்கிறதா இருந்த?"

அப்படி ஒன்றை அவள் யோசித்திருக்கவே இல்லை.

"உன் கட்டில் பக்கத்துல பாய விரிச்சா முடிஞ்சுது. வித்தவரச் சொல்லிக் குத்தமில்ல."

"அவர யாரு சொன்னா? மூச்சு விடறேனா இல்லையான்னு ராத்திரி முழுக்க குனிஞ்சு பாத்துக்கிட்டிருப்ப. எனக்கு வேணாம். உன் குறட்டையும் வேணாம்."

மறுநாள் அவனே போன் போட்டு மேஸ்திரியை வரவழைத்தான். சுவருக்குள் ஓடிய பழைய குழாய் கசிந்துகொண்டிருந்தது. அதை மாற்றி, நாற்காலி நுழையும்படி வாசலை அகலப்படுத்தினார்கள். ஊறிய பூச்சைத் தம்பியே சுரண்டினான், கை எட்டிய உயரம் வரைக்கும். அதற்கு மேலே அக்கா முக்காலி போட்டு ஏறினாள்.

"விழுந்துடாத. ரெண்டு நாற்காலிக்கு இந்த வீட்டுல இடமில்ல."

"வாயக் குறைச்சுக்கிட்டு முக்காலியப் பிடி."

"இவ்வளவு அகலக் கதவுக்கு மரம் நிறையப் போகும். திரை போட்டுக்கலாமா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"திரையே போதும்" என்றாள் அக்கா.

"கதவு போடுங்க மேஸ்திரி" என்றான் தம்பி. "உள்பக்கம் தாழ்ப்பாளோட."

அவள் மறுக்க வாயெடுத்து, மூடிக்கொண்டாள். எத்தனையோ வீடுகளில் யார் யாருடைய கால்மாட்டிலோ படுத்து, ஒரு காதைத் திறந்து வைத்தே தூங்கியவள். தாழிட்டுத் தூங்கியதே இல்லை.

சுவர் காய்ந்த பிறகு ஒரு மத்தியானம் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழிட்டுப் படுத்தாள். சமையலறைப் பக்கம் சக்கரம் உருண்டது. ஏதோ பாத்திரம் தடாலென்று விழுந்தது. பாதி எழுந்துவிட்டாள்.

பாத்திரத்தைத் திட்டும் அவன் குரல் கேட்டது. திட்டுகிறவனுக்கு ஒன்றுமில்லை. மறுபடி படுத்து, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.