புதுப் பொடியில் சுட்ட வில்லை

என் அக்காவுக்கு ஆய்வுக்கூடத்தில் பெயர் கிடையாது, பொடிக்காரிதான். பன்னிரண்டு வருஷமாக வெள்ளைப் பொடியை அரைத்து, அச்சில் அழுத்தி, உலையில் சுட்டு நகத்தளவு வில்லைகள் செய்கிறாள். சாதாரண பேட்டரியில் தீப்பிடிக்கும் திரவம் இருக்கிற இடத்தில், புதுவகை பேட்டரியில் இந்த வில்லை உட்காரும். லித்தியம் அயனிகள் இதற்குள் புகுந்து போகவேண்டும். போகாவிட்டால் வெறும் ஓடு.

உலைச் சூட்டில் லித்தியம் ஆவியாகிவிடும். அதனால் வில்லையை அதே பொடிக்குள் புதைத்துச் சுடுவார்கள். வில்லை இழக்கவேண்டியதை மூடுபொடி இழக்கும். ஒருமுறை சுட்டால் அந்தப் பொடி குப்பைக்குத்தான். ஆய்வுக்கூடத் தலைவருக்கு அதைக் கொட்ட மனம் வரவில்லை. எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஆள்.

"அதே பொடியிலயே போடும்மா. கெட்டா போயிடும்?"

"லித்தியம் போயிடுச்சு சார். அதுல சத்தே இல்ல."

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

நாலு மாதம் அவர் சொன்னபடியே சுட்டாள். ஒரு வில்லைகூடத் தேறவில்லை. வில்லைகளை வாங்கும் கம்பெனி காரணம் கேட்டதும் தலைவர் அக்காவைக் கைகாட்டினார், அவள் வேலையில் சுத்தமில்லையாம். அவளை வேலையைவிட்டு நீக்க விசாரணை வைத்தார்கள். விசாரித்த மூவரும் அவரோடு தினம் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள். நான் அங்கே தட்டச்சு வேலை, குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன். பழைய பொடியைப் போடச் சொன்னதே இல்லை என்று அந்த மனுஷன் கூசாமல் சொன்னார்.

"ரெண்டு வில்லை சுட்டுக் காட்டறேன் சார்," என்றாள் அக்கா. "பழைய பொடியில ஒண்ணு, புதுசுல ஒண்ணு."

"ஒண்ணு போதும். புதுசுலயே போடு," என்றார் தலைவர். திருட்டு முழி அப்போதே தெரிந்தது.

மறுநாள் அந்த வில்லைக்குள் அயனி எவ்வளவு போகிறது என்று மூவர் முன்னாலேயே அளந்தார்கள். அந்த வருஷத்திலேயே மிக நல்ல அளவு. அக்கா நிமிர்ந்து நின்றாள். நானும் சந்தோஷப்பட்டுத் தொலைத்தேன்.

"பாத்தீங்களா?" என்று சிரித்தார் தலைவர். "மனசு வச்சா வருது. இத்தனை நாளா வேணும்னே வைக்கல."

மூன்று தலைகளும் ஆடின.

வேலை போகவில்லை. கவனக்குறைவை ஒப்புக்கொள்வதாக ஒரு கடிதம் மட்டும் கேட்டார்கள். அதை நானே அடித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அக்கா படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

"ஏண்டி முறைக்கிற? வேலை இருக்கில்ல?" என்றாள்.

எனக்கு அவளைத்தான் முதலில் அறையவேண்டும் போலிருந்தது.