மகள் நல்ல தமிழ் பேசிய சாயங்காலங்கள்

புனேயிலேயே பிறந்து வளர்ந்த என் மகள் சின்ன வயதில் வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுவாள்; பள்ளிக்கூடம் போனபிறகு தடுமாறித்தான் வரும். ஹிஞ்சேவாடியில் ஐ.டி. கம்பெனி வேலை. போன வருடம் சில சாயங்காலங்களில் ஆபீஸிலிருந்து வந்ததும், சின்னக் குழந்தைபோல் என் மடியில் படுத்துத் தங்குதடையில்லாமல் தமிழ் பேசினாள். பூரித்துப்போய், "இப்படியே பேசுடி கண்ணு" என்று கொஞ்சினேன். பிறகு கேட்டால், "நான் தமிள்லயா? எப்போ பேசினேன், மம்மி?" என்பாள். விளையாட்டு என்றே நினைத்தேன்.

ஒருநாள் என் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அம்மா, கதவப் பூட்டிட்டியா? அந்த மாமா வந்துடுவாரு" என்றாள். எந்த மாமா என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கிக்கொண்டாள்.

சிறுவயதில் தாங்க முடியாததை அனுபவித்த மனம், அதைத் தனி ஆளாகவே பிரித்து வைத்துவிடுமாம்; சாயங்காலங்களில் வந்து பேசியது அந்தக் குழந்தைதானாம், அதனால்தான் பிறகு இவளுக்கு எதுவும் ஞாபகமில்லை. பேயுமில்லை, நடிப்புமில்லை என்றார் மனநல மருத்துவர். சிகிச்சைக்கு வருடக்கணக்காகலாம், அவளாகச் சொல்லும்வரை நான் எதையும் தோண்டிக் கேட்கக்கூடாது.

இப்போது அந்தக் குழந்தை வந்தால் நான் கொஞ்சுவதுமில்லை, உலுக்குவதுமில்லை. "பூட்டிட்டேன்மா. நீ இப்ப வளந்துட்ட. நம்ம வீட்லதான் இருக்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

எந்த மாமா என்று இன்னும் தெரியாது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபி கொடுக்கும்போது, ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேஹு ரோடு, புனே