இடது பக்கச் சில்லு

லொறியில் யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங்கில் மாமா, உம்மாவின் தம்பி. அவருக்குப் பக்கத்தில் உம்மா. இடது கதவோரம் நான். பின்னால் நெல் மூட்டைகளுக்கு மேல் வாப்பா. வயல் வரம்பில் நெல் அறுவெட்டுக்கு வந்த ஆட்கள் ஆறேழு பேர் நின்றார்கள். அவர்கள் லொறியில் வந்தவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் நின்றபடியால்தான் எல்லாம் நடந்தது. அப்படிச் சொல்வதும் சரியில்லை. நடந்தது என்னால்.

மாமாவின் வலக்கை விரல்கள் போன நாள் அது. எனக்குப் பன்னிரண்டு வயது. எண்பதுகளின் தொடக்கம், சண்டை எங்கள் பக்கம் வராத காலம்.

லொறி பட்டாளத்தார் கழித்துவிட்டது. மாமா ஏலத்தில் எடுத்தார். மூக்கு நீளம், கதவு கனம், மழைக்கு ஒழுகும். ஆனால் முன் சக்கரம் பின் சக்கரம் என்று நாலு சில்லும் இழுக்கும். கல்முனைக் கரையில் இப்படி ஒன்று வேறு யாரிடமும் இல்லை என்பார். இருந்திருக்கலாம், நாங்கள் பார்க்கவில்லை. விடிந்தால் கடற்கரை மணலில் இறங்கிக் கரைவலை மீனை ஏற்றுவார். அறுவடை வந்தால் மேற்கே வயலுக்குப் போவார். மற்ற லொறிகள் தார் ரோட்டில் நின்று மூட்டை வரும்வரை காத்திருக்கும். மாமாவுடையது களத்துக்கே போய் நிற்கும். அதுதான் அவருக்குப் பிழைப்பு. பெருமையும் அதுதான்.

உள்ளே நாலு தடி இருந்தது. பெரியது வழமையான கியர். மஞ்சள் குமிழ் போட்டது முன் சில்லுகளையும் சேர்த்து இழுக்க வைக்கும். சிவப்புக் குமிழ் போட்டது ஓட்டத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். நாலாவது கட்டைத் தடி. முன் பம்பருக்கு மேல் ஒரு உருளையில் இரும்புக் கம்பி சுற்றிக் கிடந்தது. வின்ச் என்பார்கள். கம்பியை ஒரு மரத்தில் கொழுவிவிட்டுக் கட்டைத் தடியைப் போட்டால் உருளை சுற்றும், லொறி தன்னையே இழுத்துக்கொண்டு ஏறும். அந்தத் தடிக்கு மாமா வைத்த பேர் மாப்புள.

"ஏன் மாமா மாப்புள?"

"பொண்டாட்டி ஊட்டுக்கு வந்த மாப்புள மாதிரித்தான் மகள். தின்டுட்டுச் சும்மா இரிப்பாரு. கூரை சரியப் போகுதுண்டாத்தான் எழுப்புற."

வாப்பா இதற்குச் சிரிக்கமாட்டார். அவரும் உம்மாவின் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைதான். எங்கள் ஊரில் ஆண்கள் எல்லோரும் அப்படித்தான், மாமாவும்.

மாப்புளயை மாமா எழுப்பியதை நான் கண்டதில்லை. கடற்கரை உப்பில் கம்பி துருப்பிடித்து, நார் கிளம்பி, முள்ளு முள்ளாக நின்றது. கிட்டப் போனால் ஏசுவார்.

தடியை இழுத்தால் மட்டும் முன் சில்லு இழுக்காது. இரண்டு முன் சில்லுக்கும் நடுவில் உள்ளங்கையளவு வட்டமாக ஒரு பூட்டு இருந்தது. கீழே இறங்கிக் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். நல்ல ரோட்டுக்கு வந்ததும் திறந்துவிட வேண்டும். வலது பக்கம் மாமா இறங்குவார். இடது பக்கம் நான். எட்டு வயதில் கடற்கரையில் வைத்துக் காட்டித் தந்தார். பள்ளிக்கூடத்தில் எனக்கு எதுவும் ஏறவில்லை. இது ஏறியது.

"இடது பக்கம் பூட்டியாச்சா?" என்று மாமா கத்துவார்.

"ஓம் மாமா!" என்று நான் கத்துவேன்.

பிறகுதான் மஞ்சள் தடியை இழுப்பார். ஒரு நாளும் சுற்றி வந்து பார்த்ததில்லை.

அந்தப் பெரும்போக அறுவடையில் நெல்லைச் சூடடித்து மூட்டை கட்டி முடித்த இரவே மழை பெய்தது. விடிந்தும் மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. இன்னொரு மழை வந்தால் நெல் மூட்டைக்குள்ளேயே முளைத்துவிடும். வாப்பா அவசரப்படுத்தினார். மூட்டை ஏற்றும்போது நான் வழமை போல லொறிக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தேன். அறுவெட்டுக்காரப் பொடியன் ஒருவன் என்னைப் பார்த்துவிட்டு மற்றவனிடம் ஏதோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள். களத்தோர வாடிக் குடிசையில் சமைத்துக்கொண்டிருந்த உம்மா அதைக் கண்டுவிட்டார்.

கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்.

"குமராகப் போற புள்ள நீ. ஆம்பிளையள் நிக்கிற இடத்தில தொங்குறதும் குதிக்கிறதும் இண்டையோட சரி. அடுத்த போகத்துக்கு நீ ஊட்டுல."

"மாமாக்கு சில்லு ஆரு பூட்டுற?"

"மாமாக்குக் கை இல்லையா?"

உம்மா சொன்னால் சொன்னதுதான். தன் பழைய சேலைத் துண்டை என் தலையில் போட்டு, கழுத்தைச் சுற்றிக் கட்டிவிட்டார்.

களத்திலிருந்து வரும் பாதை ஒரு வாய்க்காலைக் குறுக்கே கடக்கும். பாலம் இல்லை. இறங்கி ஏற வேண்டும். மழையில் அந்த இடம் களிமண் சேறாகிவிட்டது. மாமா மேட்டில் நிறுத்தினார். வேடிக்கை பார்க்க அறுவெட்டுக்காரர் வரம்பில் வந்து நின்றார்கள், இடது பக்கம், என் கதவுக்கு நேரே.

"பட்டாளத்து யானை குளிக்கப் போகுதுடா!" என்று அவர்களில் வயதில் மூத்த ஒருவர் சத்தம் போட்டார்.

"குளிக்கல்ல காக்கா, கால் கழுவிட்டுப் போகுது" என்றபடி மாமா இறங்கினார்.

நான் கதவில் கை வைத்தேன். உம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த பிடியை விடவில்லை. அந்தப் பொடியன் எங்கள் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இடது பக்கம் பூட்டியாச்சா?"

உம்மாவுக்குப் பூட்டு என்றால் என்னவென்று தெரியாது. எனக்குத் தெரியும். இல்லை மாமா, நீங்க பூட்டுங்க என்று சொல்லியிருந்தால் சுற்றி வந்து பூட்டியிருப்பார். அரை நிமிட வேலை. ஆனால் அந்த வேலை இனி என்னுடையது இல்லை என்று அப்போதே முடிந்திருக்கும். ஒரு பக்கம் மாமா பூட்டிவிட்டார். பின் சில்லு இருக்கிறது. ஒன்றுதானே குறையும், மற்றதெல்லாம் இழுக்கும் என்று கணக்குப் போட்டேன்.

"ஓம் மாமா" என்றேன்.

லொறி இறங்கியது. நடு வாய்க்காலில் நின்றுவிட்டது. பின் சில்லுகள் சுற்றிச் சுற்றிச் சேற்றை வாரி அடித்தன. லொறி இடது பக்கமாகச் சரிந்து இறங்கியது. மாமா தலையை வெளியே நீட்டித் தன் பக்கத்து முன் சில்லைப் பார்த்தார். அது அசையவில்லை.

"மகள், நல்லாத் திருப்பித்தானே பூட்டின?"

"ஓம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மஞ்சள் தடியைப் பார்த்தார்.

"அப்ப உள்ளுக்க பல்லுதான் போயிட்டுது" என்றார்.

இறங்கிப் பார்த்திருந்தாலும் லேசில் தெரிந்திருக்காது. இடது முன் சில்லில் பாதி களிக்குள் போயிருந்தது. அவர் இறங்கவே இல்லை. நான் ஓம் என்றது போதுமாக இருந்தது.

மேற்கே இடி இடித்தது. மூட்டை மேல் இருந்த வாப்பா, "என்ன மச்சான்?" என்று கேட்டார். "மாப்புளய எழுப்புவம்" என்றார் மாமா. இந்தத் தரம் மாமாவும் சிரிக்கவில்லை.

அக்கரையில் ஒரு மருத மரம். கம்பியை இழுத்துப் போய் அதில் கொழுவினார். வாப்பாவை ஸ்டியரிங்கில் ஏற்றி, எந்தத் தடியைப் போட வேண்டும், எப்போது கிளச்சை விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். வாப்பா உழவு மெஷின் ஓட்டத் தெரிந்தவர். மாமா லொறிக்கு முன்னால் போய் நின்றார். கம்பி ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் சுற்ற வேண்டும் என்று, வருகிற கம்பியைக் கையால் வழிநடத்தினார். பொனட்டுக்கு மேலே அவருடைய தலையும் தோளும் மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது.

லொறி ஒரு முழம் ஏறியது. "வருகுது வருகுது!" என்று வரம்பில் கத்தினார்கள். பிறகு மாமாவின் தலை திடீரென்று கீழே போனது.

கிளம்பி நின்ற நார் உள்ளங்கையில் கொழுவிக் கையை உருளைக்குள் இழுத்துவிட்டது. அது பிறகு தெரிந்தது. அந்த நேரம் என்ஜின் சத்தம் மட்டும்தான். நான் அலறினேன். வாப்பா கிளச்சை மிதித்தார். உடனே மிதித்தார், நான் பார்த்தேன். ஆனால் தான் பிந்திவிட்டேன் என்று வாப்பா கடைசி வரைக்கும் சொன்னார். அதற்குப் பிறகு உழவு மெஷினில்கூட ஏறவில்லை.

முதலில் என்னைத் தாண்டிக் குதித்தது உம்மா. முழங்கால் சேறு, தலையில் சேலை இல்லை, அத்தனை ஆம்பிளைகளுக்கும் முன்னால். "யா அல்லாஹ், என்ட தம்பி" என்று ஓடினார். அறுவெட்டுக்காரரும் ஓடி வந்தார்கள். சிரித்த அந்தப் பொடியன்தான் உருளையைப் பின்னுக்குச் சுற்றிக் கையை எடுத்துவிட்டான். உம்மா தன் சேலையைக் கிழித்துக் கட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போக அடுத்த வயலிலிருந்து உழவு மெஷின் பிடித்து வர வாப்பா ஓடினார்.

மாமாவை வரம்பில் இருத்தினார்கள். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் எழும்பினார். "இரி தம்பி, இரி" என்று உம்மா சொல்லச் சொல்லக் கேட்காமல் லொறியின் இடது பக்கமாக நடந்து வந்தார். நான் கதவோரம் அப்படியே இருந்தேன். என் காலடியில், முன் சில்லுக்குப் பக்கத்தில் குந்தினார். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, நல்ல கையை முழங்கை வரைக்கும் சேற்றுக்குள் விட்டார். கொஞ்சம் தடவினார். தோள் ஒரு தரம் திரும்பியது. பிறகு கையை எடுத்தார்.

"அங்க என்ன செய்ற?" என்று உம்மா கத்தினார்.

"சும்மா, ராத்தா."

எழும்பி என்னைப் பார்த்தார். நான் இறங்கப் பார்த்தேன்.

"இறங்காத மகள். சேறு" என்றார்.

நசிந்த மூன்று விரலையும் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். பெருவிரலும் சின்னிவிரலும் மிஞ்சின. அன்று பின்னேரம் பெய்த மழையில் நெல்லில் பாதி நனைந்து போனது.

அடுத்த நாள் வாப்பா ஆட்களோடு போய் மெஷினால் லொறியை இழுத்தெடுத்தார். வந்து உம்மாவிடம் சொன்னார்: "ரெண்டு பக்கமும் பூட்டித்தான் கிடந்திச்சு. புள்ளையில பிழையில்ல. உள்ளுக்கதான் ஏதோ போயிருக்கு."

அடுப்படியில் நின்று அதைக் கேட்டேன். முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினேன். கடைசியாகக் கடற்கரைக்குப் போனபோது பூட்டிவிட்டுத் திறக்க மறந்திருப்பேன் என்று நினைத்தேன். அப்படியென்றால் நான் சொன்னது பொய்யாகாது. அன்றிரவு சோறு தின்றேன். நன்றாக நித்திரை கொண்டேன். இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கழற்றிப் பார்ப்போம் என்று வாப்பா சொன்னார். வேண்டாம் என்று மாமா, லொறியை அது நின்ற நிலையிலேயே விற்றுவிட்டார். பிறகு கரைவலைக்காரரிடம் மீனுக்கு ஐஸ் உடைத்துப் போடும் வேலைக்குப் போனார். இடக்கையால் உடைப்பார். வாப்பா அவர் முன்னால் தலை குனிந்தே இருப்பார். "உங்கட பிழை இல்ல மச்சான், கம்பி பழசு" என்று மாமா எத்தனையோ தரம் சொன்னார். வாப்பா அதை நம்பாமலே மவுத்தானார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அந்த வருடமே என்னைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தினார்கள். பிறகு கல்யாணம். என் மாப்பிள்ளை மீன் ஏற்ற ஒரு பழைய ஜீப் வாங்கினார். ஒரு நாள் வாசலில் முன் சில்லைக் கழுவிக்கொண்டிருந்தார். நடுவில் அதே வட்டப் பூட்டு. தண்ணீர் வாளியோடு பக்கத்தில் நின்று சும்மா கதையாகக் கேட்டேன்.

"இதில ஒண்டை மட்டும் பூட்டினா என்ன?"

"ஒண்டும் இல்ல. ஒண்டு திறந்து கிடந்தா மத்ததும் இழுக்காது. பலமெல்லாம் திறந்த பக்கத்தால போயிரும்."

"தானாப் பூட்டிக்கொள்ளுமா?"

"விசரா உனக்கு? இது என்ன வீட்டுக் கதவா, காத்துக்கு அடிபட? கை வச்சுத்தான் திருப்பணும்."

தண்ணீர் வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மாமா பூட்டிய வலது சில்லும் அன்று அசையவில்லை, அப்படியென்றால் இடது பூட்டு திறந்துதான் கிடந்திருக்கிறது. அன்று கதவோரம் இருந்து பார்த்தபோது மாமா கை கழுவுகிறார் என்றுதான் நினைத்தேன். ரத்தம் ஒழுகுகிற கையை விட்டுவிட்டு நல்ல கையை ஏன் கழுவுகிறார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

சொல்லியிருக்கலாம். பெருநாளைக்குப் பெருநாள் மாமா எங்கள் வீட்டுக்கு வருவார். நான்தான் சோறு போடுவேன். இடக்கையால் தின்னமாட்டார். கரண்டி கொடுத்தாலும் வாங்கமாட்டார். பெருவிரலாலும் சின்னிவிரலாலும் சோற்றைக் கிள்ளிக் கிள்ளி எடுப்பார். பாதி பாயில் விழும். "கோழிக்கும் பங்கு வேணுமே மகள்" என்று சிரிப்பார். மாமா என்று கூப்பிடுவேன். என்ன மகள் என்பார். கறி போடவா என்று கேட்பேன்.

ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று அது எனக்கு விளங்கிய நாளிலிருந்து மாமா மவுத்தான நாள் வரைக்கும் எண்ணிப் பார்த்தேன். பதினொரு வருடம்.