பதினொரு எலிக் கம்மல்கள்

என் ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று ஊரில் யாரிடமும் நான் முழுதாகச் சொன்னதில்லை. "எலியைப் பத்தி" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். வடக்கனந்தலுக்கு அப்பால், கல்வராயன் மலையடிவாரத்தில், கரும்பு வெட்டவும் களை எடுக்கவும் போகிற குடும்பம் எங்களுடையது. கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். மிச்சத்தைச் சொன்னால் அவர்களுக்குப் புரியாது என்று நானே முடிவு செய்திருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

கடலோரச் சதுப்பில், அலையாத்திக் காட்டுக்குள், அந்த மண்ணைச் சேராத எலிகள் பெருகியிருந்தன. படகுகளோடும் மூட்டைகளோடும் வந்து இறங்கியவை. மரத்திலிருந்து விழும் விதைகளை அவை தின்பதால் புதுக் கன்றுகள் எவ்வளவு குறைகின்றன என்பது என் கேள்வி. ஒரே அளவில் இரண்டு துண்டு நிலம். ஒன்றைச் சுற்றி எலி நுழையாதபடி தகர வேலி. இன்னொன்றில் எலிகள் இஷ்டப்படி திரியலாம். அவற்றை உயிரோடு கூண்டில் பிடித்து, எடை போட்டு, காதில் எண் பொறித்த சின்னத் தகடு மாட்டி, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவேன். ஒரு வருடம் இதைத்தான் செய்திருந்தேன். இன்னும் ஒரு மழைக்காலம் அந்த எலிகள் அங்கேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இல்லை.

கூண்டு சுமக்கிறவர் ஒரு வாரம் லீவில் போனார். போனில் அப்பாவிடம் புலம்பினேன்.

"எலி புடிக்கவா ஆளு இல்ல? நான் இன்னாத்துக்கு இருக்கறன்?"

மறுநாள் கள்ளக்குறிச்சியில் ஏறி, உளுந்தூர்பேட்டையில் மாறி, மதியத்துக்குள் மஞ்சள் பையோடு வந்து நின்றார்.

அன்று மூன்று எலிகளுக்குத் தகடு மாட்டி விட்டேன். அப்பா குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, கம்மல் போட்டு வுட்டுக்கினு இருக்கற? அது இன்னா கல்யாணத்துக்கா போவப்போவுது?"

சிரித்தேன். "அப்புறம் சொல்றேம்பா" என்றேன். சொல்லவில்லை. அடுத்த நாள் பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம். கூண்டுகளைக் கழுவி வைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கூட்டம் முடிந்து மறுநாள் காலை திரும்பியபோது படகுத்துறைப் பலகையில் எலி வால்கள், ஒரு நாரில் கோத்து, வரிசையாகக் கிடந்தன. எங்கள் ஊரில் வயலில் எலி பிடித்தால் வாலைக் காட்டினால்தான் நிலத்துக்காரர் நம்புவார். மஞ்சள் பைக்குள் இருந்தவை மூங்கில் கிட்டிகள். எலியின் கழுத்தை இறுக்கிக் கொல்பவை.

"உனுக்குக் கொல்ல மனசு வரல. அதான் வுட்டுட்டு வுட்டுட்டு மறுபடியும் புடிக்கிற. படிக்கிற புள்ளைக்கு எதுக்கு இந்தப் பாவம்? நானே முடிச்சிட்டன்."

"வேலி இல்லாத பக்கமாப்பா?"

"அங்கதான எலியே கீது."

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். "கம்மல வீணாக்கல. கழுவி வெச்சிருக்கறன். மறுபடியும் போட்டுக்கலாம்."

பதினொரு தகடுகள். எண்கள் தெளிவாகத் தெரிந்தன.

அழுகையோ கோபமோ வரவில்லை. ஓதத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பலகையின் கால்களில் ஈரக்கோடு தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா பாப்பா, கம்மியா கீதா?"

"இல்லப்பா. போதும். டீ குடிச்சியா?"

அன்றைக்கே ஒரு காரணம் சொல்லி அவரை பஸ் ஏற்றிவிட்டேன். என் ஆய்வு நெறியாளரான பேராசிரியைக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"வெளியாள் யாரோ கொன்னுட்டாங்கன்னு எழுதிடும்மா. நடக்கறதுதான். அப்பான்னு எழுதினா கமிட்டியில உன்னத்தான் கேப்பாங்க."

கனிவாகத்தான் சொன்னார். நோட்டைத் திறந்தேன். எண், எடை, நிலை, பிடித்தவர் என்று கட்டங்கள். தீப்பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொரு எண்ணாக எழுதினேன். நிலை: இறந்தது. பிடித்தவர் என்ற கட்டத்தில் 'வெளியாள்' என்று எழுதப் போய், நிறுத்திவிட்டேன். 'என் அப்பா' என்று பதினொரு முறை எழுதினேன்.

பல்கலைக்கழக ஆய்வுக் கமிட்டியில் கேட்டார்கள். "ஆய்வு முறை அவருக்குச் சொல்லப்பட்டதா?"

"இல்லை. நான் சொல்லவில்லை."

வேறு இடத்தில் முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். சரி என்றேன். அதற்கும் எதுவும் தோன்றவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டியபடியே கேட்டார்.

"கம்மல் ஒதவிச்சா?"

"உதவிச்சுப்பா. நம்பர் இருந்ததாலதான் எதெது செத்ததுன்னு எழுத முடிஞ்சது."

"அடுத்த வாட்டியும் வரட்டா?"

"வா. கிட்டி வேணாம்."

"கிட்டி இல்லாம எப்பிடிப் புடிப்ப?"

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, வேலி, விதை, கன்று, தகடு எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவருக்கு எல்லாம் புரிந்தது. சொல்லி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மாடு குடித்து முடித்த பிறகும் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப அந்தப் பதினொண்ணு?"

"எழுதியாச்சுப்பா."